வாக்கில்லாதவர்களுக்காக வாதாடிய வைத்தியர்

(ஹல்துமுல்லையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் வடிவம்)



வைத்தியத் தொழிலிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்ற ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று இங்குள்ள அன்பர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். டாக்டர் ஈ. எம். வி. நாகநாதன் அவர்களின் பொதுவாழ்வைப் பொருளாக எடுத்துக்கொண்டோம். உடனே உங்களுள் சிலருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். நாகநாதன் நல்லூர்த் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கியவர். ஹல்துமுல்லைக்கோ, அப்புத்தளைக்கோ, பதுளைக்கோ வந்து தமக்கு வாக்களியுங்கள் என்று அவர் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரைப் பற்றி இந்த மலையடிவாரத்தில் பேசுவானேன் என்பதே அந்த ஐயம்.

பேசுவதற்குக் காரணம் அதுவேதான். இந்தத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களிடமிருந்து ஒரு வாக்கேனும் பெறமுடியாத நிலையிலே, அவர்களின் உரிமையை முன்னிட்டுத் தம் தலைவரைவிட்டுப் பிரிந்தவர் அவர். வாக்குத் தருபவனுக்கு உழைப்பது அரசியலில் வழக்கம். வாக்குத் தர இயலாதவனுக்கும் உழைக்கவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? வைத்தியத் தொழிலுக்கும் இந்த எண்ணத்துக்கும் தொடர்பு உண்டு என்று நாம் கருதுகிறோம். அந்தத் தொடர்பை உங்கள் முன் வைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மருந்துப் பெட்டியும் சட்டப் புத்தகமும்

அன்பர்களே! ஒரு தேயிலைச் செடியில் நோய் கண்டால் அந்தச் செடிக்கு மருந்து தெளிக்கிறோம். மலை முழுவதும் நோய் கண்டால் மண்ணையும், நீரையும், வடிகாலையும் பார்க்கிறோம். உழவருக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. மனித உடலின் கதையும் இதுவே.

கொக்கிப்புழு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டின் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளரின் இரத்தத்தை உறிஞ்சிய நோய் அது. மலசலகூடம் இல்லாத இடத்தில் புழுவின் முட்டை மண்ணில் விழுகிறது. ஈரமண்ணில் அது குஞ்சாகிறது. வெறுங்காலோடு மலையேறும் தொழிலாளியின் பாதத்தின் வழியே உடலுள் நுழைகிறது. குடலிலே தங்கி இரத்தத்தைக் குடிக்கிறது. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, கூடையைத் தூக்க வலுவின்றிப்போகிற பெண்ணைக் கண்டு, சோம்பேறி என்று பெயர் எழுதினார்கள். அவள் உடலில் இரத்தம் இல்லை என்று எழுதியவர் வைத்தியரே.

1916ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறிற்று. ஆனால் மலசலகூடம் கட்டப்படாத தோட்டத்தில், மருந்துண்ட தொழிலாளி மீண்டும் அதே மண்ணை மிதித்தான். மீண்டும் புழு ஏறிற்று. மருந்து கொடுப்பது வைத்தியரின் கையில் இருந்தது. மலசலகூடம் கட்டச்செய்வது அவர் கையில் இல்லை. அது தோட்ட முதலாளியின் செலவு. அச்செலவைக் கட்டாயமாக்குவது சட்டம். சட்டத்தை இயற்றுவது சபை. நேர்மையான வைத்தியர் ஒருவர் இந்த வழியில் நான்கடி நடந்தாலே சட்டமன்ற வாசலுக்கு வந்துவிடுவார்.

அப்படி வந்தவர்கள் பலர். சர்வசன வாக்குரிமையின்படி 1931ஆம் ஆண்டில் அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தபோது, கொழும்பு வடக்கிலிருந்து தெரிவானவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. பின்னர் 1937இல் கொழும்பு மாநகரின் முதல் மேயராக விளங்கியவரும் அவரே. அதே 1931இல் மொறவக்கைத் தொகுதியிலிருந்து டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க தெரிவானார். 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை, குருநாகல் பகுதிகளைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞரோடு கிராமம் கிராமமாகச் சென்று நிவாரணப் பணியாற்றினார். சத்துணவற்ற உடலில் மலேரியா புகுந்தால் கொயினா மட்டும் போதாது, சோறும் வேண்டும் என்று அன்று அந்த இளைஞர்கள் நேரிலே கண்டார்கள். அவர்களின் அரசியல் அந்தக் காட்சியினால் உரம்பெற்றது.

கடலுக்கு அப்பால், தமிழகத்தில், புதுக்கோட்டையிலே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் பிற்பகுதியில் சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினரானார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் வேண்டுமென்று போராடினார். அந்தச் சட்டம் முழு வடிவில் நிறைவேறியது 1947இல். திருச்சியின் டாக்டர் தி. சே. சௌ. ராஜன், 1930இல் வேதாரணிய உப்பு யாத்திரையில் இராஜாஜியோடு நின்றவர்; பின்னர் இந்திய மத்திய சட்டசபையிலும் இடம்பெற்றவர்; 1937இல் சென்னை மாகாணத்தின் சுகாதார மந்திரியானவர்.

இவர்கள் கட்சியாலும் கொள்கையாலும் வேறுபட்டவர்கள். ஆயினும் ஒரு பழக்கம் இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. நோயாளி வாசலில் வந்து நின்றால், அவன் எந்த ஊர், எந்தப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது என்று வைத்தியர் கேட்பதில்லை. எங்கே வலிக்கிறது என்றே கேட்கிறார். இந்தப் பழக்கத்தை ஒருவர் சபைக்குள்ளும் கொண்டுபோனால் என்ன நிகழும்? நாகநாதனின் வாழ்வு அதற்கு ஒரு விடை.

தலையை எண்ணினார்கள், வாக்கை எண்ணவில்லை

நாகநாதன் 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி பிறந்தவர். யாழ்ப்பாண அரச மரபில் வந்த குடும்பம் தம்முடையது என்று பெருமை பேசியவர். தொழிலால் வைத்தியர். 1944இல் அமைக்கப்பெற்ற அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸில் சேர்ந்து உழைத்தார். சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றத்தில் மூதவை உறுப்பினரானார். அன்றைய மூதவையில் முப்பதுபேர். பாதிப்பேர் கீழ்ச்சபையால் தெரிவானோர், பாதிப்பேர் மகாதேசாதிபதியால் நியமனம் பெற்றோர். ஓசையில்லாமல் அமர்ந்திருந்தால் ஆண்டுகள் பல கௌரவமாகக் கழியக்கூடிய பதவி அது.

அப்போது இந்த ஊவா மலைகளில் நிலைமை எவ்வாறிருந்தது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹல்துமுல்லை என்ற பெயரிலேயே ஒரு தொகுதி இருந்தது. தோட்டத் தொழிலாளர் வாக்களித்தார்கள். மலைநாடெங்கும் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு உறுப்பினர்கள் தெரிவானார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, இங்கே பதுளையில் எஸ். எம். சுப்பையா ஆகியோர் அவர்களுள் சிலர். கொழுந்து பறித்த கையே வாக்குச் சீட்டையும் போட்டது. லயன் அறைகளில் வாழ்ந்தவரின் குரல் பாராளுமன்றத்தில் கேட்டது.

அந்தக் குரல் பலருக்கு உறுத்திற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையிற் பிறந்தவன் என்பதற்குச் சான்று காட்டு என்றார்கள். லயத்திலே பிறந்து லயத்திலே இறந்தவனுக்குப் பிறப்புச் சான்று யார் எழுதிவைத்தார்கள்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்டது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசை அல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பல ஆண்டுகள் இழுபட்டபின், பிரசைகளாக ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 1,34,000 பேர்.

இதைவிடக் கொடிய ஒரு கணக்கை நீங்கள் கவனிக்கவேண்டும். சோல்பரி அரசியலமைப்பின்படி, ஒரு மாகாணத்தின் சனத்தொகையில் 75,000 பேருக்கு ஓர் ஆசனமும், ஆயிரஞ் சதுர மைல் நிலப்பரப்புக்கு ஓர் ஆசனமும் ஒதுக்கப்பட்டன. சனத்தொகையை எண்ணியபோது தோட்டத் தொழிலாளியின் தலையையும் எண்ணினார்கள். அந்தத் தலைகளைக் கொண்டு கிடைத்த ஆசனங்கள் அப்படியே இருந்தன. வாக்குரிமை மட்டும் பறிபோயிற்று. ஊவாவிலும் மத்திய மாகாணத்திலும் எஞ்சியிருந்த வாக்காளர் தொகைக்கு மிஞ்சிய பிரதிநிதித்துவம் கிடைத்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஆசனம் பிறப்பதற்குத் தொழிலாளியின் தலை வேண்டியிருந்தது. அதில் அமர்பவரைத் தெரிவதற்கு அவன் கை வேண்டியிருக்கவில்லை!

மூதவையிலிருந்து மறியற்களம் வரை

தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமைச்சரவையிற் சேர்ந்தார். இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதாவுக்கு ஆதரவாகவும் வாக்களித்தார். அரசாங்கத்துள் இருந்தே தமிழருக்கு நன்மை தேடலாம் என்பது அவருடைய வழி. அந்த வழியை ஏற்கமுடியாது என்று பிரிந்தவர்கள் மூவர்: காங்கேசன்துறை உறுப்பினர் எஸ். ஜே. வி. செல்வநாயகம், கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கம், மூதவை உறுப்பினர் டாக்டர் நாகநாதன். 1949ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி தொடங்கப்பெற்றது.

நன்றாக எண்ணிப் பாருங்கள். இந்த மூவரில் ஒருவருடைய பிரசாவுரிமையும் ஆபத்துக்குள்ளாகவில்லை. யாழ்ப்பாணத்து வாக்காளரில் எவருடைய பெயரும் இடாப்பிலிருந்து வெட்டப்படவில்லை. அரசாங்கத்தோடு இணங்கிப் போவதே அன்று இலாபம். அமைச்சரின் அணியில் இருப்பவருக்குத் தொழிற்சாலை வரும், உத்தியோகம் வரும், வீதி வரும். இருந்தும், மலைநாட்டுத் தமிழனை இன்று பட்டியலிலிருந்து நீக்குகிற கை நாளை எங்கள் மொழிமேலும் விழும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். ஒரு விரலில் பற்றிய அழுகலை விரலோடு நின்றுவிடும் என்று எந்த வைத்தியரும் நம்புவதில்லை.

மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாயும் திருகோணமலையும் ஆகிய இரண்டே ஆசனங்கள். செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார். 1956ஆம் ஆண்டில் கட்சி வடக்கிலும் கிழக்கிலும் பெருவெற்றி பெற்றபோதும், யாழ்ப்பாணத் தொகுதியில் நாகநாதன் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர், அவர் பிரிந்துவந்த அதே பொன்னம்பலம். வெற்றிக் காலத்திலும் தோல்வியைச் சுமந்தவர் நாகநாதன். கட்சியைவிட்டு ஓடவில்லை; வேலையையும் விடவில்லை.

1956 யூன் 5ஆந் திகதி, தனிச் சிங்கள மசோதா பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்த வேளையில், காலிமுகத் திடலில் அறப்போராட்டம் நடந்தது. அமர்ந்திருந்தவர்களைக் காடையர் தாக்கினார்கள். அந்த அறப்போரில் நின்றவர்களுள் நாகநாதனும் ஒருவர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திருகோணமலை மாநாடு நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. சமஷ்டி ஆட்சி, தமிழுக்குச் சம உரிமை, அரசாங்கக் குடியேற்றத் தடுப்பு ஆகியவற்றோடு, மலைநாட்டுத் தமிழரின் பிரசாவுரிமையும் அந்த நான்கில் ஒன்றாக நின்றது. 1957 யூலை 26ஆந் திகதி பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் உருவானது. அந்தப் பேச்சுவார்த்தையில் கட்சியின் சார்பில் கலந்துகொண்டவர்களுள் நாகநாதன் ஒருவர். அங்கும் பிரசாவுரிமைப் பிரச்சினை எழுப்பப்பெற்றது; அது விரைவில் கவனிக்கப்படும் என்று பிரதமர் கூறியதாக ஒப்பந்தத்தில் எழுதப்பெற்றது. 1958 ஏப்பிரலில் ஒப்பந்தம் கிழிந்தது; கவனிப்பும் அதோடு போயிற்று.

1960 மார்ச்சில் நல்லூர்த் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அதே ஆண்டு யூலையிலும், 1965இலும் மீண்டும் அனுப்பிற்று. 1961 பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அவர் களத்தில் நின்றார். ஏப்பிரலில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மற்ற உறுப்பினர்களோடு அவரும் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டார். இரும்பு மனிதர் என்று மக்கள் அவரை அழைத்தது அந்தக் காலத்தின் வழக்கு. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் நல்லூர் அவரைக் கைவிட்டது. 1971 ஆகஸ்டு 16ஆந் திகதி அவர் மறைந்தார். அவர் முதன்முதலில் அமர்ந்த மூதவையும் அதே ஆண்டு ஒக்டோபரில் ஒழிக்கப்பட்டது.

குறையும் சொல்லவேண்டும்

அன்பர்களே! புகழ்மாலை சூட்டுவது எளிது. புகழ்மாலையால் உங்களுக்குப் பயனில்லை. எனவே குறையையும் சொல்லவேண்டும்.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை இரண்டு அரசாங்கங்கள் பங்கிட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் பார்த்துக்கொள்ளப்படும் என்றார்கள். பின்னர் 1974இல் அவர்களையும் பாதிபாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தமிழ் அரசுக் கட்சி இந்த ஒப்பந்தத்தைக் கண்டித்தது. ஆனால் 1965இல் டட்லி சேனநாயக்காவின் தேசிய அரசாங்கத்துக்கு அக்கட்சி ஆதரவளித்தது. அந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல் நிறைவேறியதும் அதே அரசாங்கத்தின் காலத்திலேதான். 1949இல் இந்த மக்களுக்காக ஓர் அணியையே உடைத்தவர்கள், 1967இல் அதே அளவுக்கு உறுதி காட்டினார்களா? இந்தக் கேள்வி நியாயமானது. நல்லூர் உறுப்பினரும் அதற்கு விலக்கல்லர்.

இந்தத் தளர்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. வாக்கில்லாத மக்களுக்காகப் பேசுவது ஒருவரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாகவே இருந்தது. மனச்சாட்சி விழித்திருக்கும் நாளில் குரல் எழும். வேறு கவலை வந்த நாளில் அடங்கிவிடும். வாக்குரிமை இருந்தால் அவ்வாறு அடங்கமுடியாது. எத்தனை நல்ல வைத்தியரானாலும், நோயாளியின் வாயைக் கட்டிவிட்டு அவர் நோயை முழுதாக அறியமுடியாது. வலிக்கிற இடத்தைச் சொல்லவேண்டியவன் நோயாளி.

அந்த ஆண்டுகளில் இந்த மலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுத் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். தாய் ஒரு கரையிலும் மகள் மறு கரையிலுமாகப் பிரிந்தவர்களை நீங்கள் அறிவீர்கள். நீலகிரியிலே தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டியவர்கள் பலர். எஞ்சியோருக்கு வாக்கு மெல்லமெல்லவே திரும்பிற்று. தொண்டமான் 1960இல் நியமன உறுப்பினராகவே பாராளுமன்றம் புகமுடிந்தது; மக்கள் வாக்கினால் அவர் திரும்பியது 1977இல். நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 1988இல் வந்தது. எஞ்சியிருந்தவர்க்கான இறுதிச் சட்டம் 2003இல் வந்தது. பறிப்பதற்கு ஓராண்டு போதுமாயிருந்தது. திருப்பித் தருவதற்கு அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

மண் சரிந்த நாள்

பிரசாவுரிமை கிடைத்தவுடன் எல்லாம் சரியாயிற்றா? ஹல்துமுல்லை மக்களாகிய நீங்களே அதற்குச் சாட்சி. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, இந்தப் பிரதேசத்திலேயே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயன்கள் மண்ணுள் புதைந்தன. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். மாலையில் அவர்கள் திரும்பிவர வீடு இல்லை. சிலருக்குத் தாய் தந்தையும் இல்லை. புதைந்தவர் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்த மலை சரியக்கூடியது என்பது இரகசியமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. நோய் இன்னதென்று தெரிந்திருந்தது. மருந்து இன்னதென்றும் தெரிந்திருந்தது: அந்த மக்களை அங்கிருந்து அகற்றி, பாதுகாப்பான நிலத்தில் வீடு கொடுப்பது. ஆனால் நிலம் தோட்டக் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தது. நிலத்தின் உரிமை அரசாங்கத்தினது. குடியிருந்தவனுக்கு ஒரு முழ நிலமும் சொந்தமில்லை. எச்சரிக்கைக் கடிதம் மேசை மேசையாகப் போகும். மழைக்கு மேசைகளின் ஒழுங்கு தெரியாது. உயிர் தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே புதிய வீடுகளைக் கண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட இடங்கொடுக்கவில்லை. தோட்டத்துத் தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களிப்பார். அவர் தெரிந்த உறுப்பினர் சபையில் அமர்வார். ஆனால் அவருடைய லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல் போடச் சபைக்குச் சட்டம் தடை. அந்தத் தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் நீங்கிற்று. 1952இல் தலை எண்ணப்பட்டது, வாக்கு இல்லை. பின்னாளில் வாக்கு எண்ணப்பட்டது, பலன் இல்லை. இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள்.

தோட்ட வைத்தியத்திலும் இதே கதை. 1912ஆம் ஆண்டின் 9ஆம், 10ஆம் இலக்கச் சட்டங்கள் தொழிலாளரின் வைத்தியத் தேவையைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தன. அன்றைக்கு அது ஒரு முன்னேற்றமே. ஆனால் அதன் விளைவாக, நாட்டின் மற்றப் பிரசைகள் சுகாதார அமைச்சின் பராமரிப்பில் இருக்க, தோட்டத்து நோயாளி மட்டும் துரையின் பராமரிப்பில் நெடுங்காலம் இருந்தார். கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் பாராளுமன்றத்தில் அமைச்சரைக் கேள்வி கேட்கலாம். தோட்டத்து மருந்துக் கூடத்தில் மருந்து இல்லையென்றால் யாரைக் கேட்பது? தோட்டங்கள் 1970களில் தேசியமயமாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. கைகள் மாறின, பதில் சொல்லவேண்டியவர் யார் என்ற கேள்வி மட்டும் மாறாமல் நின்றது.

நாம் செய்யவேண்டியவை

இச்சபையில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். வைத்தியர்களும் தாதியரும் இருக்கிறீர்கள். சட்டம் படித்தவர் இருக்கிறீர்கள். மரக்கறி பயிரிடுவோரும், சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்போரும் இருக்கிறீர்கள். உங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது எமது கடமை.

தோட்டத்து லயத்தில் பிறந்து வைத்தியராகும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்களின் தாய்மார் மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்தே அவர்களைப் படிப்பித்தது. அந்தப் பிள்ளைகளை நாம் தேர்தலுக்கு நில்லுங்கள் என்று தூண்டவில்லை. முதலில் எழுதிவையுங்கள் என்கிறோம். எந்த லயத்தில் எத்தனை பேருக்கு இரத்தசோகை, எந்தத் தோட்டத்தில் எத்தனை குழந்தை நிறை குறைந்து பிறந்தது, எந்தக் குடிநீர்ப் பீலியில் நோய் வருகிறது என்று நாள் குறித்து எழுதுங்கள். கணக்கு இல்லாத துன்பத்தைச் சபையில் எவரும் கேட்பதில்லை.

சட்டம் அறிந்தவர்களே! பிறப்புச் சான்று இல்லாமையால் ஒரு தலைமுறை நாடற்றதாயிற்று. இன்றும் பத்திரம் குறைந்த குடும்பங்கள் தோட்டங்களில் உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் ஒருமணி நேரம் லயத்துக்குப் போய், சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுங்கள். வீட்டுக்கும் வீட்டடி நிலத்துக்கும் உறுதி எழுதிக் கேட்கும் விண்ணப்பத்தை முறையாக எழுதிக்கொடுங்கள். உறுதியில்லாத வீடு, பிரசாவுரிமையில்லாத மனிதனைப் போன்றது. யார் வேண்டுமானாலும் வெளியேறச் சொல்லலாம்.

உழவர்களே! மண்ணை உங்களைவிட அறிந்தவர் இல்லை. சரிவில் வெடிப்பு விழுந்தாலும், ஊற்று இடம்மாறினாலும், மரம் சாய்ந்தாலும், அதை முதலிற் காண்பவர் நீங்கள். கண்டதைப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தவர் வேறு, கிராமத்தவர் வேறு என்று மலை பார்ப்பதில்லை. சிங்களக் கிராமத்து அயலவரும் இந்த மலையின் கீழேதான் உறங்குகிறார். அவரையும் சேர்த்துக்கொண்டு போனால் கோரிக்கைக்கு வலு இரட்டிக்கும்.

இனி, வாக்குக் கேட்டு வருபவர்களிடம் என்ன கேட்பது? எங்கள் சாதியா, எங்கள் சங்கமா, மாலைக்கு எத்தனை பேரைக் கூட்டிவருவார் என்றெல்லாம் கேட்கும் பழக்கத்தை விடுவோம். உமக்கு வாக்களிக்க இயலாத எவருக்காக இதுவரை உழைத்தீர் என்று கேட்போம். நாளை எங்களுக்கு உழைப்பாரா என்பதை அறிய இதைவிடச் சிறந்த சோதனை எமக்குத் தெரியவில்லை. வாக்குக்கு மட்டும் உழைப்பவர் வாக்கு முடிந்ததும் போய்விடுவார். வலியைக் கேட்டு உழைப்பவர் வலி தீரும்வரை நிற்பார்.

வைத்தியராய் இருந்ததனாலேயே ஒருவர் நல்ல பிரதிநிதியாகிவிடமாட்டார். பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத் தொகுதியை மறந்தவர்களையும் நாடு கண்டிருக்கிறது. வைத்தியத்தில் கற்ற பழக்கத்தைச் சபைக்குள் கொண்டுபோகிறாரா என்பதே பார்க்கவேண்டியது. நாகநாதன் 1949இல் கொண்டுபோனார். பதவியும் இலாபமும் ஒருபுறம் இருக்க, தமக்கு ஒரு வாக்கும் தரமுடியாத ஊவா மலைத் தொழிலாளியின் பக்கம் நின்றார். பிற்காலத்தில் அவர் கட்சி தளர்ந்த இடங்கள் இருக்கலாம். அந்த ஒரு முடிவின் பெருமை அதனால் குறையாது.

அன்று உங்கள் பாட்டனாரிடம் வாக்கு இருக்கவில்லை. இன்று உங்களிடம் இருக்கிறது. அன்று அவருக்காக வேறொருவர் வாதாடவேண்டியிருந்தது. இன்று உங்களுக்காக நீங்களே வாதாடலாம். உங்களைவிட எளியவர் ஒருவருக்காகவும் வாதாடலாம். அதைச் செய்வதே அந்த வைத்தியருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.